குறைந்த மார்க்

எஹலியகொட பஸ்ஸில் என் முன்சீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை கெம்பஸ் லீவில் வந்திருந்தாள்.

“கொறஞ்ச மார்க்க விட்டுருவாங்களா?” என்று அக்கா சத்தமாகவே கேட்டாள்.

“ஆமாக்கா. தொடர் மதிப்பீட்டுக்கு நாலு டெஸ்ட். நல்லா செஞ்ச மூணத்தான் பைனல் மார்க்ஸோட சேப்பாங்க. எனக்கு ஒன்னுல பத்துதான், பரவாயில்ல.”

“எனக்கு கெம்பஸ் போறதுக்கான ஏ.எல். வரலாறு பரீட்ச அன்னைக்குக் காச்சல். அத யாருடி விட்டாங்க?”

“திரும்ப எழுதியிருக்கலாமே?”

“அப்ப நீ ஸ்கூல்ல ஓ.எல். படிச்சிக்கிட்டிருந்த. யாரு வேலைக்குப் போறது?”

தங்கை அவள் கையைப் பிடித்தாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

“பொறாமையாத்தான் இருக்கு. எறங்குற வரைக்கும் என்கிட்ட பேசாத.”