திருப்பிக் கொடுத்த துப்பாக்கி

2018 ஜனவரி பதினொன்று, இரவு இரண்டேகால் மணி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கனடா எல்லையை ஒட்டிய ஒரு கவுண்டிச் சாலையில், வெஸ்லி டுவெட் என்ற டெப்யூட்டி, அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் கீழ் வேலை பார்த்தவன், சுட்டுக் கொல்லப்பட்டான். வயது இருபத்தாறு.

அந்தச் சாலையில் ராத்திரி ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பனி மூடிய கோதுமை வயல். வெளிச்சம் என்றால் வெஸ்லியின் வண்டி மேல் சுழன்ற சிவப்பும் நீலமும்தான். அவன் சோதனைக்கு நிறுத்திய பிக்கப் வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கினான். கையில் துப்பாக்கி. இதெல்லாம் வண்டிக் கேமராவில் இருக்கிறது. ஒரே நொடி... வெஸ்லி பக்கவாட்டில் திரும்பி, மணிக்கட்டைப் பிடித்து, அதைப் பறித்துவிட்டான். அவ்வளவு சுத்தமான பறிப்பு.

அப்புறம் அதைத் திருப்பி, பிடி அந்த ஆள் பக்கம் இருக்கும்படி, நீட்டினான்.

அந்த ஆளே கொஞ்சம் தயங்கினான். பிறகு வாங்கிக்கொண்டான்.

வெஸ்லி ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்கத் தேவைப்படாத மனிதர் ஒருவர் இருந்தார். வெர்ன் ஹௌகன். மைனாட் ஊரில் எங்களோடு வேலை பார்த்த கேரிக்கு அக்காள் கணவர். அந்த ஷெரீப் அலுவலகத்தில் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். பள்ளிக்கூட ஜிம்மில் ரப்பர் துப்பாக்கியைக் கொடுத்து இரண்டிரண்டு பேராக நிறுத்துவார். ஒருவன் குறி வைக்க, மற்றவன் பறிக்க வேண்டும். பறித்ததும், அடுத்த தடவைக்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பறி, கொடு. பறி, கொடு. சட்டை நனைகிற வரை. வெஸ்லி அதில் கெட்டிக்காரன்.

அந்தக் கேமராப் படத்தை அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஓடி முடிந்ததும் ஷெரீப் எழுந்து விளக்கைப் போட்டார். "கைக்கு என்ன தெரியும், வெர்ன்," என்றார்.

அடுத்த குளிர்காலம், எல்லோருக்கும் புதுத் துப்பாக்கி வாங்குவது என்று முடிவானது. இருந்தவை பிளாஸ்டிக் உடம்பு கொண்டவை, இலேசானவை. ஷெரீப்புக்கு முழு உலோகத்தில், முழு நீளத்தில் ஒன்று வேண்டும் என்ற ஆசை. மாதிரிக்கு ஒன்று வந்தது. புத்தம் புதிது. பெட்டியின் முத்திரை பிரிக்காதது. வேலை நேரத்தில் இடுப்பில் வைத்துப் பார், ராத்திரி வீட்டில் கட்டிலோரம் வைத்துப் பார், எப்படி என்று சொல் என வெர்னிடம் கொடுத்தார்கள்.

நல்ல துப்பாக்கிதான். அதை அவரே சொன்னார். எடை அதிகம் என்பதால் சுடும்போது துள்ளவில்லை. முனை ஏறிய வேகத்தில் இறங்கி, குறி பழைய இடத்துக்கே வந்து நின்றது. தூக்கக் கலக்கத்தில் எடுத்தாலும் கை நடுங்காது. ஆனால் பகல் முழுக்க இடுப்பில் தொங்கினால் முதுகு வலித்தது. சாயங்காலம் பெல்ட்டை மேலே இழுத்துக்கொண்டே நடந்தார். கூட வேலை பார்த்த டுவெய்ன் சும்மா இருப்பானா. "ஓடுற திருடனைப் பிடிப்பியா, கழண்டு விழுற பேன்ட்டைப் பிடிப்பியா, மொதல்ல அதைச் சொல்லு," என்றான்.

இன்னொன்று, குளிர். அங்கே அந்த மாதத்தில் உலோகத்தை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை. உலோகம் குளிரையும் வாங்கும், சூட்டையும் வாங்கும்.

வீட்டு விஷயம் அவருக்கு முக்கியம். ஊரை விட்டுத் தள்ளிய பண்ணை வீடு. அவர் இல்லாத நேரம் மனைவி டார்லாவும் ஏழு வயது ஜோலீனும் மட்டும்தான். கூப்பிட்டால் ஆள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். டார்லாவால் துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்துத் தோட்டா ஏற்ற முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிட்டாள். "துப்பாக்கி கேட்டா டிராக்டர்ல பாதியைக் கழட்டிக் கொண்டாந்திருக்க," என்றாள்.

துப்பாக்கியை வைக்கக் கட்டிலோரம் சுவரில் பதித்த சின்ன இரும்புப் பெட்டி. விரல்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் திறக்கும். வெளிச்சுவர் என்பதால் அதன் திருகாணித் தலைகளில் உறைபனி பூத்திருக்கும்.

முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, கீழ்த்தளத்தில் ஹீட்டர் நின்ற சத்தத்தில் விழித்தார். 'டக்' என்று ஒன்று, அப்புறம் அமைதி. பழக்கத்தில் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார்.

சூடாக இருந்தது.

சுட்ட சூடு இல்லை. யாரோ வெகுநேரம் பிடித்திருந்து, அப்போதுதான் விட்ட சூடு... பெட்டியின் உட்புறம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. கூடவே ஒரு வாசனை. உதட்டுக்கடியில் அதக்கும் புதினாப் புகையிலை. அந்த வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. வெஸ்லிக்கு இருந்தது.

டார்லாவிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு ராத்திரி, கண் விழித்தபோது அவர் படுக்கையில் இல்லை. நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். வெறும் கால். வலது கை நேராக முன்னால் நீண்டிருந்தது. கையில் துப்பாக்கி, பிடி முன்னால், குழல் அவர் வயிற்றைப் பார்த்து. எதிரே ஜோலீனின் அறைக் கதவு.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டார்லா பெட்டியின் விரல் வரிசையை மாற்றினாள்; புதிய வரிசையை அவருக்குச் சொல்லவில்லை. தோட்டாக்களை அவர் வெளியே டிரக்கில் பூட்டினார். மறுநாள் ராத்திரி அதே இடத்தில், அதே மாதிரி விழித்தார். துப்பாக்கி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே தோட்டா இருந்தது.

டார்லா சண்டை போடவில்லை. விடிந்ததும் பிள்ளையின் துணிகளை எடுத்து வைத்தாள். "உன்னைப் பாத்துப் பயமில்ல, வெர்ன். உன் கையைப் பாத்தாதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஜோலீனைக் கூட்டிக்கொண்டு மைனாட்டில் தம்பி கேரியின் வீட்டுக்குப் போனாள்.

வெர்ன் துப்பாக்கியை ஷெரீப்பிடம் திருப்பிக் கொடுத்தார். ஷெரீப் அதை இடுப்பளவு இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வெர்ன் பெட்டகத்தின் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு நன்றாகத் தூங்கலாம் என்றுகூட நினைத்தார்.

அன்று ராத்திரி நடைவழியில் விழித்தார். கை நீண்டிருந்தது. கையில் அதே எடை.

இந்தத் தடவை எதிரே கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பிள்ளை இல்லாத அறை. புதினாப் புகையிலை வாசனை, கிட்டத்தில், யாரோ மூச்சு விடுகிற தூரத்தில். கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். வரவில்லை. விரலை மடக்கப் பார்த்தார். கை அவருடையதாகவே இல்லை.

பிறகு... எடை போய்விட்டது.

விழவில்லை. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். ஜிம்மில் அவர் வகுத்த முறைதானே. வாங்கினவன் ஓரடி பின்னால் போவான். மறுபடி குறி வைப்பான். மரத்தரை ஒரு தடவை முனகியது. சில்லென்று ஒரு வட்டம் அவர் நெஞ்செலும்பில் வந்து பட்டது. திரும்ப வேண்டும், மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், பறிக்க வேண்டும். ஊரெல்லாம் கற்றுக்கொடுத்த ஆள். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. வாயைத் திறந்து அவன் பெயரைச் சொல்லப் பார்த்தார். அதுவும் முடியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹீட்டர் மறுபடி ஓட ஆரம்பித்தபோது நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஜன்னல் வெளுத்திருந்தது.

அப்போது போன் அடித்தது. டார்லா.

"எவன்கிட்ட குடுத்து அனுப்புன?"

அவர் நடைவழி விளக்கைப் போட்டார்.

"அந்தத் துப்பாக்கி வெர்ன். ஜோலீன் படுக்கைல கிடக்கு. கொதிக்குது. கதவெல்லாம் பூட்டினது பூட்டினபடிதான் இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உன்கூட வேலை பாக்குறவர் வந்தாராம். குடுத்தாராம். இவ திருப்பிக் குடுத்தாளாம். மறுபடி குடுத்தாராம். ராத்திரி முழுக்க வெளையாடினோம்னு சொல்றா."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் மட்டும் சரியாகத் திரும்பவில்லை என்றாள் டார்லா.

ஷெரீப் தன் பெட்டகத்தைத் திறந்து பார்த்தார். பூட்டு உடைக்கப்படவில்லை. உள்ளே காலி. துப்பாக்கியை மைனாட்டிலிருந்து அவரே போய் எடுத்து வந்தார். குழலில் புதுக் கரி இருந்தது. ஒரு தோட்டா குறைந்திருந்தது. கேரியின் வீட்டுச் சுவர், கூரை, தரை, மெத்தை எல்லாவற்றையும் பார்த்தார்கள். குண்டு பட்ட இடம் எங்கும் இல்லை. அந்த வீட்டில் அன்று படுத்திருந்த யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

கவுண்டி நிர்வாகம் பிளாஸ்டிக் ரகத்தையே வாங்கியது. வெர்ன் வேலையை விட்டார். ஜோலீனை மைனாட்டில் காது டாக்டரிடம் காட்டினார்கள். மிகக் கிட்டத்தில் பெரிய சத்தம் கேட்டால் வரும் சேதம் என்றார் அவர். வலது காது கேட்பதில்லை. இடது காது நன்றாக இருக்கிறது.