மூன்றாம் மாடிப் பின்கதவின் சாவி

பெயர்: ஜீனத். வயது: 39. கணவர் பெயர்: ஹாலித். இருப்பிடம்: பாலக்கரை, திருச்சிராப்பள்ளி.

நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு, யாரும் தூண்டாமல் நானாகச் சொல்வது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நான்கு மாடி ஜவுளிக்கடையில் ஒன்பது வருடங்களாக வேலை பார்த்தேன். மூன்றாம் மாடி சுடிதார் பிரிவுக்கு நான் பொறுப்பு. அந்த மாடியைப் பெருக்கித் துடைத்தவர் மண்ணச்சநல்லூரைச் சேர்ந்த சந்திரம்மாள், வயது 52 இருக்கும். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

சென்ற ஆண்டு தீயணைப்புத் துறை அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, பின்பக்க அவசரப் படிக்கட்டுக்குப் போகும் கதவில் சாதாரணப் பூட்டு இருந்ததைப் பார்த்துச் சான்று தர மறுத்தார். "உள்ள இருக்கிறவங்க சாவி தேடக் கூடாதுங்க. கையால தள்ளினா கதவு திறந்துக்கணும்" என்று மேலாளர் நவநீதனிடம் சொன்னார். அதன் பிறகு, குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறக்கும் இரும்புக் கதவு போட்டார்கள். சான்றும் கிடைத்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்கள்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில் பின்படிக்கட்டு வழியாக யாரோ இரண்டு கட்டு சுடிதாரைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மறுநாளே நவநீதன் அந்தப் புதுக் கதவில் கொண்டி பற்றவைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தரைத்தளத்தில் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பூட்டக் கூடாது என்றுதானே அதிகாரி சொன்னார் என்று நான் கேட்டதற்கு, "அடுத்த ஆய்வுக்கு வரும்போது கழட்டிக்கலாம்மா, உங்க வேலையைப் பாருங்க" என்றார். நான் என் வேலையைப் பார்த்தேன்.

27.07.2024 சனிக்கிழமை மதியம் சுமார் 3.40 மணிக்கு முன்படிக்கட்டு ஓரம் இருந்த மின்பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. லிஃப்ட் நின்றது. படிக்கட்டு முழுக்கப் புகை. மாடியில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். எல்லோரும் பின்கதவுக்கு ஓடிக் கம்பியைத் தள்ளினோம். கம்பி உள்ளே போனது, கதவு அசையவில்லை. நவநீதனுக்கு போன் செய்தேன். "சாவி கொடுத்து விடுறேன், அங்கயே இருங்க" என்றார். அதன் பிறகு இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சந்திரம்மாள் இரும்பு ஸ்டூலால் பூட்டை அடித்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு, நான் உடை மாற்றும் அறைப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். அதன் வழியாக அடுத்த கட்டடத்து மொட்டை மாடியில் ஒவ்வொருவராகக் குதித்தோம். வாடிக்கையாளர்களில் ஒரு அம்மா முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அவரால் ஜன்னலில் ஏற முடியவில்லை. சந்திரம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ போம்மா, நான் இவங்களைக் கூட்டிக்கிட்டு கதவுகிட்ட இருக்கேன், சாவி வந்துரும்" என்றார். நான் குதித்துவிட்டேன். தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து கதவை வெட்டித் திறந்தபோது, இரண்டு பேரும் கதவை ஒட்டியே இறந்து கிடந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் நவநீதன் அரசு மருத்துவமனைக்கு வந்து, கட்டுப் போட்டிருந்த என் கைக்குப் பக்கத்தில் நான்கு சாத்துக்குடி வைத்தார். "சாவி சந்திரம்மாள்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிருங்க. அவங்களை இனிமே யாரு என்ன பண்ணப் போறா? இல்லேன்னா மாடிப் பொறுப்பு உங்க பேர்லதான் இருக்கு" என்றார். எனக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். கணவர் குவைத்தில் இருக்கிறார். அன்று மாலை என்னை விசாரித்த காவலரிடம் நவநீதன் சொன்னபடியே சொன்னேன். சாத்துக்குடியையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மண்ணச்சநல்லூர் போனேன். சந்திரம்மாளின் மகள் சுபஸ்ரீ என்னை உட்காரவைத்து இலை போட்டார். நான் சொன்னது பேப்பரில் வந்திருந்தது, அதை அவர் படித்திருந்தார். குரலை உயர்த்தாமல், "சாவி அம்மாகிட்ட இருந்திருந்தா, ஏங்க்கா அவங்க திறக்கலை?" என்று கேட்டார். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

சாவி ஒருநாளும் சந்திரம்மாள் கையில் இருந்ததில்லை. நான் முன்பு சொன்னது பொய். அதை அடித்துவிடும்படி கேட்டேன். எதையும் அடிக்க முடியாது, இரண்டும் கோப்பில் இருக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜீனத்
19.08.2024