காத்திருப்பது யார் என்று கேட்ட சுவிட்ச் அக்கா

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, எதிரே கலங்கிய கண்களோடு அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே! மறைந்த நம் அக்காவை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவமனைக் கணினிப் பிரிவின் தலைவியை யாராவது பெயர் சொல்லி அழைத்தோமா? "சுவிட்ச் அக்கா" என்றுதானே அழைத்தோம்! வந்த முதல் வாரத்திலேயே, நம் கணினிகளுக்குப் பின்னால் ஓடும் சேவைகளில் பாதியை நிறுத்தியவர் ஆயிற்றே! அவற்றையெல்லாம் சுமக்கும் நம் சர்வர் பழையது. யாரும் தொடாத சேவைகளும் இரவு பகலாக அதில் ஓடி, அதை மூச்சு முட்ட வைத்திருந்தன. "விடுப்பு விண்ணப்பம் எதுக்குங்க நாள்பூரா முழிச்சிருக்கணும்? யாராவது கேட்டா எழுந்திரிக்கட்டும்" என்றார். சர்வர் துள்ளி எழுந்தது.

அந்த உற்சாகத்தில் நம் இயக்குநர் ஒன்று சொன்னார். ரத்த இருப்பைத் தேடும் சேவையையும் அப்படியே நிறுத்தி வைக்கலாமே, எப்போதோ ஒருவர்தானே கேட்கிறார்? அக்கா வாதாடினாரா? இல்லை! அந்தச் சேவையைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, இயக்குநரை ரத்த வங்கிக்கு அழைத்துப்போய்க் கணினி முன் உட்கார வைத்தார்.

"சார், மூச்சை அடக்கிக்கிட்டுத் தேடுங்க. பதில் வந்ததும் விடுங்க."

உறங்கிய சேவை எழுந்து, பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. இயக்குநரின் முகம் சிவந்தது. "என்னம்மா, இன்னும் வரலையே!" என்று மூச்சை விட்டுவிட்டார்.

"நீங்க நாற்காலியில இருக்கீங்க சார். ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கறவங்க?"

"வேணாம்மா. இது ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

சிரிக்கிறீர்களா, ஐயா? சிரியுங்கள். அக்காவுக்கும் அதுதான் பிடிக்கும்.

எது உறங்கலாம், எது உறங்கக் கூடாது? எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நாம் எண்ணினோம். காத்திருப்பது யார் என்று அவர் கேட்டார்!

அக்கா நோயில் விழுந்தபோது, அவர் பிரிவில் வேலை பார்க்கும் நான் தினமும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். "வேலையைப் பாருப்பா. வேணும்னா கூப்பிடறேன்" என்று விரட்டினார். கணவரும் எழுந்தார். "அப்ப நானும் வெளியில இருக்கட்டுமா?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போகாதீங்க. ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க."

கடைசிவரை இருந்தீர்கள், அண்ணா. உங்களை வணங்குகிறேன்.

புதிய சர்வர் வரப்போகிறது. எதை ஓட விடுவது, எதை நிறுத்துவது என்று இனி நாங்கள் முடிவு செய்யவேண்டும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய மாட்டோம். இது உறுதி! வார்டு வார்டாக நடந்து, ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் நின்று பார்ப்போம்.

நாளைக் காலை தொடங்குகிறோம், அக்கா. முதலில் பிரசவ வார்டு.