குனிந்தால் மணக்கிறது

ஏலக்காயைக் கோப்பிக் கொட்டையோடு சேர்த்து வறுக்கக் கூடாது. பலர் அந்தப் பிழையை விடுகிறார்கள். கொட்டை வெடிக்கிற சூட்டுக்கு வருமுன்பே ஏலத்தின் மணம் புகையோடு போய்விடும், மிஞ்சுவது கசப்புத்தான். கொட்டையைத் தனியே வறுத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஏலத்தோடு டின்னில் அடைத்து மூன்று நாள் வைக்க வேண்டும். கோப்பிக் கொட்டை பஞ்சு மாதிரி. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி நீங்கள். என் மனைவி ஷிபானாவின் மரணம் உங்களுக்கு முடிந்துபோன கோப்பு. எரிவாயுக் கசிவினால் நேர்ந்த விபத்து என்று எழுதினீர்கள். என் தோளைத் தொட்டு ஆறுதலும் சொன்னீர்கள். எழுதியதில் ஒரு சொல் பிழை, ஐயா. அதைத் திருத்த வந்தேன். ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கெலிஓயாவில் எனக்கு ஒரு சின்ன ஆலை இருக்கிறது. கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, சாதிக்காய் சேர்த்த கோப்பித் தூள் செய்து கண்டியிலுள்ள சிறிய கோப்பிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இயந்திரம் பற்றி, சூடு பற்றி, அரைக்கிற பதம் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. ஆனால் சேர்மானம் சரியா என்று சொன்னது ஷிபானாதான். அவள் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, "கராம்பு ஒரு சொட்டுக் கூட" என்பாள். கூடத்தான் இருக்கும். கடைக்காரர்கள் என்னிடம் ஓடர் கொடுத்துவிட்டு அவளுடைய பதிலுக்குக் காத்திருப்பார்கள். மெஷின் நானாவுடையது, மூக்கு அக்காவுடையது என்று எங்கள் இருவரையும் வைத்துப் பகிடியும் பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன்.

கொவிட் காய்ச்சலில் அவளுக்கு மணம் தெரியாமல் போனது. முழுவதும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு என்று நாலைந்துதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அதனால் கோப்பி அவளுக்குக் கசக்கும் சுடுதண்ணீர் ஆனது. வைத்தியர் ஒரு பயிற்சி சொன்னார். நாலு குப்பிகளில் பஞ்சு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை எண்ணெய் விட்டு, காலையும் மாலையும் பேரை நினைத்தபடி முகர வேண்டும். மூக்கின் நரம்பு மெல்ல மெல்லத் திரும்ப வளரும், வளரும்போது ஒரு மணம் இன்னொன்றாக மாறித் தெரியலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் செய்தியை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

பயிற்சியின் இன்னொரு பகுதி என் யோசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போவேன். வாவிக்கரைப் பக்கம் ஒரு கடை, அம்பிட்டிய வீதியில் ஒன்று, பேராதனை வீதியில் மாடியில் ஒன்று. வாராவாரம் ஒரு புதுச் சேர்மானம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல என்ன ஈக்கு, சொல்லுங்களேன்" என்று கேட்பாள். நான் சொல்வேன். எந்த மரத்துப் பட்டை, எப்போது சேர்த்தார்கள், ஏன் முதல் மிடறில் இல்லாமல் இரண்டாவதில் வருகிறது, எல்லாம். பதினொரு வருட வாழ்க்கையில் அவள் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. மாடிக் கடைக்காரன் நிரஞ்சன், கலஹாப் பக்கத்துப் பையனாக இருந்து சொந்தக் கடை போட்டவன், கேலி செய்வான்: "நானா பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு. அக்கா, கோப்பி ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க." அவள் சிரிப்பாள். என் கையை விடமாட்டாள்.

காய்ச்சல் வந்து பதினாலாம் மாதம், வாவிக்கரைக் கடையில், அவள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இஞ்ச பாருங்க, இது கறுவா தானே?"

கறுவாதான். நான் சொன்னேன்: "இல்ல புள்ள, கராம்பு."

ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அவள் என் சட்டைக் கையை விட்டிருந்தாள். அதை மட்டும் கண்டேன். கராம்பு என்றதும் திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு செய்தது திட்டமிட்ட வேலை. வீட்டில் அவள் குப்பிகளை வைத்துத் தன்னைச் சோதிப்பாள். எண்ணெய் எல்லாம் ஒரே நிறம், ஆகவே குப்பியில் ஒட்டிய பேரை மாற்றுவது சுலபம். ஆனால் எப்போதும் ஒரே மாதிரி மாற்றக் கூடாது. கறுவாவையும் கராம்பையும் நிரந்தரமாக இடம் மாற்றினால் மூளை அதைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். சில நாள் மாற்றி, சில நாள் சரியாக விட வேண்டும். அப்போதுதான் ஆள் தன்னையே நம்பாமல் போகும். குசினியில் சமைக்கும்போது உண்மையான ஏலம் ஏலமாக மணந்ததே என்று ஒருநாள் கேட்டாள். கண் பார்த்ததை மூக்கு நினைத்துக்கொள்கிறது என்று விளங்கப்படுத்தினேன். வைத்தியர் சொன்னதையும் நினைவூட்டினேன். தலையாட்டினாள். எதை முகர்ந்தாலும் என்னிடம் கேட்டுத்தான் பேர் சொல்வாள். பால் திரைந்துவிட்டதா என்றுகூட என்னைத்தான் கேட்பாள். அந்த ஒன்றரை வருடம் நாங்கள் நல்லாயிருந்தோம், ஐயா.

பிறகு நிரஞ்சன் அவளிடம், தன் கடைக்கென்று அவளே ஒரு சேர்மானம் செய்து தர வேண்டும், அவள் பேரிலேயே விற்கலாம் என்று கேட்டான். அவள் பயந்தாள், ஆனாலும் அதையே பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இலேசான தலையிடி. நான் தனியே நிரஞ்சனின் கடைக்குப் போனேன். புறப்படும் முன் கேஸ் சிலிண்டரை மாற்றிப் பூட்டினேன். ரெகுலேட்டருக்குள் ஒரு இறப்பர் வாஷர் இருக்கும். அது மென்மையாக இருந்தால்தான் அழுந்திப் பொருந்தும். எங்களுடையது இறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. வரும்போது ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிரஞ்சன் எனக்குக் கறுவாக் கோப்பி வைத்தான். ஷிபானாவுக்கு மூக்கு இன்னும் சரிவரவில்லை, அவளைச் சேர்மானம் செய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்றேன்.

அவன் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். "என்ன நானா சொல்றீங்க? போன வாரம் நீங்க தொழப் போயிருந்தப்ப நாலு கோப்பி குடுத்தேன். கண்ண மூடிக்கிட்டு நாலையும் சரியாச் சொன்னாங்க. சரின்னு நான் சொன்னா நம்பல. அவர்கிட்ட கேட்டுத்தான் சொல்லணும்னாங்க."

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஷிபானா.

"இஞ்ச பாருங்க, குசினியில என்னமோ மணக்குது. குனிஞ்சா வருது, நிமிந்தா இல்ல. கேஸா ஈக்குமா, இல்லாட்டி என்ட மூக்கா?"

இந்த இடத்தை நான் சரியாக விளங்கப்படுத்த வேண்டும். சமையல் வாயுவுக்குத் தன் மணம் என்று ஒன்று இல்லை. நாங்கள் கோப்பிக்கு மணம் சேர்ப்பதுபோல அதற்கும் சேர்க்கிறார்கள், கசிந்தால் மனிதர் அறிய வேண்டும் என்பதற்காக. அது காற்றைவிடப் பாரம். தரையோடு தவழும். குனிந்தால் மணக்கும், நிமிர்ந்தால் மணக்காது. பழுதான மூக்கு ஒரு மணத்தைக் கற்பனை செய்யலாம். அந்த மணத்தின் உயரத்தைக் கற்பனை செய்யாது. இதெல்லாம் அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது. வாஷரும் ஞாபகத்துக்கு வந்தது. நிரஞ்சன் எதிரே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆம், கேஸ்தான், ஜன்னலைத் திற என்று சொன்னால், அவளுடைய மூக்கு சரி என்று சொன்னதாகிவிடும்.

"ஒன்ட மூக்குத்தான் புள்ள," என்றேன்.

"அப்ப அடுப்பப் பத்த வைக்கவா? கோப்பிக்குத் தண்ணி வைக்கணும்."

"வை," என்றேன்.

விபத்து என்ற சொல்லைத்தான் நீங்கள் வெட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு நாள் இருந்தாள். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். வார்ட்டில் மருந்து நெடி. நான் சட்டைகூட மாற்றாமல் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மணந்திச்சு, ஆனா நான்தான் நம்பல்ல, கோவிக்காதீங்க என்றாள். பேசாமல் இருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை என் சட்டைக் கையைத் தேடிப் பிடித்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மெல்ல மூச்சிழுத்தாள்.

"கறுவாக் கோப்பி குடிச்சீக்கிறீங்க," என்றாள். "சரியா?"

"இல்ல புள்ள. ஏலம்."

"ஆ, ஏலமா," என்றாள், பாடம் கேட்கிற பிள்ளைபோல. அடுத்த நாள் நண்பகல், ளுஹர் தொழுகைக்கு முன் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி அவளை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவள் கேட்ட எதற்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை.