பின்வாசல் செங்கல்

ஐயா, குடியிருக்க வந்த யாரோடும் எனக்கு இதுவரை வாய்த்தகராறு வந்ததில்லை. வின்னிபெக்கின் வடக்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஓரெஸ்ட் ஹால்சுக் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். காவல் நிலையத்தில் நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் நடந்ததை முறையாகவே எழுதுகிறேன்.

தெருவில் கிடந்தவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் அமைப்புதான் கிளைட் ஃபாவெலை என் மாடி அறைக்கு அனுப்பியது. பல குளிர்காலங்களைப் பாலத்தடியில் கழித்தவர். சாது. ஒரே ஒரு குறை, வெளியே போனால் சாவியை மறந்துவிடுவார். பின்வாசல் கதவோ சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தட்டுவார். நான் கைவேலையைப் போட்டுவிட்டுப் போய்த் திறப்பேன்.

"பாலத்துக்கு அடியில எவனும் என்கிட்ட சாவி கேட்டதில்ல, வீட்டுக்காரரே," என்பார்.

அவரைக் கவனித்துக்கொள்ள அமைப்பிலிருந்து வரும் நொரீனிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நீங்க திறந்துவிட்டுக்கிட்டே இருந்தா அவரு எப்பப் பழகுறது? சின்னப்பிள்ளையா அவரு?"

படித்த பெண். அவள் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிளைட் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே போகும்போது கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்தார். நடையெல்லாம் பனி. சொன்னால் மன்னிப்புக் கேட்பார், மறுபடி வைப்பார்.

அந்த ஞாயிறு நண்பகல் பனிப்புயல். நான் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். கிளைட் வெறும் சட்டையும் தொப்பியும் வீட்டுச் செருப்புமாகக் குப்பை போடப் போனார். குப்பையைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று சொல்லி வைத்தவன் நான்தான். காலில் குளிர் ஏறியது. எழுந்து போய்ப் பார்த்தேன். செங்கல் இருந்தது. காலால் தள்ளினேன். கதவு சாத்திக்கொண்டது.

சற்று நேரத்தில் தட்டினார்.

"வீட்டுக்காரரே, நான்தான். செங்கல் நழுவிருச்சு போல."

நான் மறுக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்டேன்.

"மேல, மேசையில."

"அப்ப இன்னைக்குப் பழகிக்கலாம், கிளைட்."

வெளியே அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகும் தட்டினார். ஏதோ சொன்னார், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. என் பெயரைச் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் தட்டு நிறையக் கொழுக்கட்டை பிடித்து முடித்தேன். தட்டல் மெல்ல அடங்கியது. பொறுமை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தீர்களா எனக் கேட்டீர்கள். இல்லை ஐயா. கதவின் கண்ணாடியில் அவருடைய தொப்பி தெரிந்தது. படியில் உட்கார்ந்திருந்தார். தொப்பியில் பனி ஏறிக்கொண்டிருந்தது, அவர் தட்டிவிடவில்லை. பூட்டைத் திருப்ப ஒரு கை போதும். என் கை அதன் மேல்தான் இருந்தது. கையை எடுத்துத் திரையை இழுத்துவிட்டேன். ஒரு மனிதர் தானாக ஒன்றைப் பழகும்போது நின்று வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை.