சந்திரகாந்தி பாடாமல் விட்டவை

இந்தக் கூட்டத்தைத் தலைமை ஏற்று நடத்தும் ஜேர்மனியின் எசன் நகரத் தமிழர் கலாசாரச் சங்கத் தலைவர் சிதம்பரம் அண்ணை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பாடசாலை அதிபர் நேசமலர் ரீச்சர் அவர்களே, முன்வரிசையில் மகளின் படத்தைப் பார்க்க மனமில்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நித்தியானந்தன் அண்ணை அவர்களே, புஸ்பவதி அக்கா அவர்களே, வுப்பர்டாலிலிருந்து இந்தப் பனியில் வந்து சேர்ந்த உறவுகளே, ஒரு சொல் தமிழ் தெரியாமலே பின்வரிசையில் அசையாமல் இருக்கும் எங்கள் அரங்கத்துப் பாடகர் குழுத் தோழர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்கு மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் டொறத்தியாகத் தெரியும். ஒபேரா அரங்கத்துப் பாடகர் குழுவில் சந்திரகாந்திக்கு ஒரு வரிசை பின்னால், தாழ்ந்த குரலில் பாடும் அல்டோப் பெண்களோடு பதினொரு வருடம் நின்றவளும் நான்தான். அவளுடைய முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். மூச்சை எங்கே எடுப்பாள், எங்கே எடுக்காமல் எங்களை ஏமாற்றுவாள் என்பதை அந்த முதுகைப் பார்த்தே சொல்லுவேன். இன்று அவளைப் பற்றி இறந்த காலத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முப்பத்தாறு வயதுப் பிள்ளையைப் பற்றி இறந்த காலத்தில் எப்படிப் பேசுவது?

துண்டுப்பிரசுரத்தில் “இசைக்குயில் சந்திரகாந்தி நித்தியானந்தன்” என்று அச்சடித்திருக்கிறீர்கள். நல்ல பட்டம். அவள் கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களில் எத்தனை பேர் அந்தக் குயில் முழுக் குரலில் பாடியதைக் கேட்டிருக்கிறோம்?

நீங்கள் அவளை வேறு விதமாக அறிவீர்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெர்மின் என்று சந்திப்பு நேரம் எடுத்துவிட்டு டொச் மொழி தெரியாமல் முழித்தவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தவள் அவள். மருந்துக் கடையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டே, மாலையில் இசைக் கல்லூரிக்கு ஓடியவள் அவள். எந்த விழா முடிந்தாலும் கடைசி வரை நின்று கதிரை மடக்கியவள் அவள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அவளுடைய குரல்தான் தெரியாது.

ஒரே ஒரு தடவை நம்முடைய சித்திரைப் புத்தாண்டு விழாவில் பாடினாள். ஒலிவாங்கியை அவள் வாய்க்குக் கிட்ட வைத்தார்கள். “இது எனக்கு வேண்டாம்” என்றாள். யார் கேட்டார்கள்? ஒபேராவில் ஒலிவாங்கி கிடையாது. அறுபது வாத்தியங்களுக்கு மேலால், பின்சுவரில் இருக்கும் ஆளுக்கும் கேட்கும்படி, வெறும் மூச்சால் குரலை அனுப்ப வேண்டும். அந்தக் குரல் உச்சத்துக்குப் போனதும் ஒலிபெருக்கி அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள். அலறியது கருவி. பழி விழுந்தது அவள் மேல். அன்று நித்தியானந்தன் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வீட்டில் அவர் சொன்ன சொல்லை அவளே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாள். “அது பாட்டில்லையாம் அக்கா, கத்துறதாம்.” சிரித்தாள்தான். ஆனால் அதைப் பல தடவை சொன்னாள்.

அது கத்தல்தானா? எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

நம்முடைய பாட்டில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் குழைந்து போவோம். அதுதான் அழகு என்று வளர்ந்தவர்கள் நாம். சந்திராவைப் போல உச்சக் குரலில் பாடும் சொப்பிரானோவின் அலங்காரம் வேறு. வேகமாக ஓட வேண்டும், ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தொட வேண்டும். படிக்கட்டில் ஓடி இறங்கும் பிள்ளை ஒரு படியையும் தாண்டாமல் கால் வைப்பது போல. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாற்றி மாற்றி அசைக்க வேண்டும், ஆனால் குரல் நடுங்கக் கூடாது. கடைசியில் உச்ச சுரத்தில் ஏறி நின்று, அதை நூலாக மெலித்து இறக்க வேண்டும். சத்தமாக ஏறுவது பலரால் முடியும். அங்கே நின்று மெலிப்பதற்குத்தான் நெஞ்சில் உரம் வேண்டும்.

முந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் பாட்டுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாட்டுக்கு மூன்று பகுதி. மூன்றாவது பகுதி புதிதல்ல, முதல் பகுதியையே திரும்பப் பாடுவது. அதே சொல், அதே மெட்டு. அங்கேதான் பாடகி தன் சொந்த அலங்காரத்தைப் போட வேண்டும். அது தாளில் இருக்காது, அவளேதான் உண்டாக்க வேண்டும்.

சந்திரா உயிரை விட்டுப் பழகிய பாட்டு ஒன்று இருந்தது. கைவிடப்பட்ட ஒரு பெண் “போ, நான் கூப்பிட மாட்டேன்” என்று பாடுகிறாள். நடுப் பகுதியில் கோபப்படுகிறாள். பிறகு திரும்பவும் அதே “போ”. “டொறத்தியக்கா, முதல் சொன்ன ‘போ’வும் இந்தப் ‘போ’வும் ஒண்டில்லை. இடையில அவள் அழுதிட்டாள். அதைக் காட்டத்தான் அலங்காரம்” என்று சொல்லுவாள். அலங்காரம் என்றால் நகை போட்டுக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எங்கே பழகினாள் தெரியுமா? அரங்கத்தில் உடுப்புகள் தொங்கும் அறையில். அத்தனை வெல்வெட் அங்கிகளும் எதிரொலியைக் குடித்துவிடும். “இஞ்ச பாடினால் பொய் சொல்ல ஏலாது” என்பாள். நான் அங்கிகளுக்கு நடுவே ஒரு பெட்டியின் மேல் இருப்பேன். ஒரு ஓட்டத்தைப் பாடிவிட்டு, “இது கூடிப்போச்சோ?” என்று கேட்பாள். கூடிப்போச்சு என்றால் அழித்துவிடுவாள். எதையும் எழுதி வைக்க மாட்டாள், எழுதினால் இறுகிப் போகும் என்பாள். ஒபேராவில் அந்தப் பெண்ணின் பாத்திரம் அவளுடையது அல்ல. அதைப் பாட வேறு ஒரு பெரிய பாடகி இருந்தார். அவருக்கு முடியாமல் போனால் மட்டும் இவள். வராமலே போகக்கூடிய ஒரு நாளுக்காக அவள் வருடக் கணக்கில் பழகினாள்.

அந்த நாள் வந்தது. 2006ஆம் ஆண்டு, மார்ச் மாதம். பெரிய பாடகிக்குக் காய்ச்சல். காலையில் சந்திராவுக்கு அறிவித்தார்கள். அவள் முதலில் அப்பாவுக்குத்தான் ரெலிபோன் எடுத்தாள். அப்பா சிதம்பரம் அண்ணைக்கு எடுத்தார். இரண்டு வரிசை இடம் நம்மவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பஸ் பிடித்தீர்கள். எவ்வளவு அன்பு! உண்மையாகவே சொல்லுகிறேன், அவ்வளவும் அன்புதான். மாலை வாங்கப் போனீர்கள். பொன்னாடை இல்லாமல் எப்படிப் போவது என்று அதையும் தேடிப் போனீர்கள். சேலை மாற்றப் போனவர்களுக்காக பஸ் நின்றது. ஆறு மணி விழாவுக்கு ஏழரைக்குப் போய்ப் பழகிய சனம் நாங்கள். இன்றைய கூட்டமே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் வந்து சேர்ந்தபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. பாட்டுத் தொடங்கிய பிறகு அங்கே கதவு திறக்க மாட்டார்கள், இடைவேளைக்குப் பிறகுதான். அது யாருக்கும் பொதுவான விதி. அவளுடைய பெரிய பாட்டோ இடைவேளைக்கு முன்னால்.

நான் மேடையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நடுவில் இரண்டு வரிசை வெறுமையாகக் கிடந்தது. முதல் பகுதி பாடினாள். கோபத்தைப் பாடினாள். பிறகு திரும்பப் பாடும் இடம் வந்தது. வாத்தியங்கள் இறங்கி அவளுக்கு வழி விட்டன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முதல் பாடியதை அப்படியே, ஒரு சுரம் கூட்டாமல், ஒரு சுரம் ஏறாமல், வெறுமையாகப் பாடி முடித்தாள். பிற்பகல் ஒத்திகையில் அத்தனையையும் கேட்டிருந்த வாத்தியக் குழு நடத்துநர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் செய்ய முடியாது, பாட்டு முடிந்துவிட்டது.

இடைவேளையில் ஏன் என்று கேட்டேன்.

“ஆருக்கு அக்கா பாடுறது?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. சந்திரா, கதவுக்கு உள்ளே அறுநூறு பேர் இருந்தார்களே, அவர்கள் ஆட்கள் இல்லையா? காசு கொடுத்து வந்தவர்கள் இல்லையா? வராதவர்களுக்காக வந்தவர்களைத் தண்டிக்கலாமா? இதையெல்லாம் அன்றே அவளிடம் கேட்டுச் சண்டை பிடித்தேன். அவள் முகத்துப் பூச்சைச் சரி செய்தாள்.

ஆனால் கதவுக்கு வெளியே நடந்தது அவளுக்கும் எனக்கும் அப்போது தெரியாது. நித்தியானந்தன் அண்ணை, தொழிற்சாலையில் பழகிய தன் டொச்சில், உள்ளே பாடுவது என் மகள் என்று கதவுக் காவலில் நின்ற பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அவளால் திறக்க முடியாது. ஆனால் அவரைப் பக்கத்துக் கதவுக்குக் கூட்டிப் போய், இங்கே காதை வையுங்கள் என்று காட்டியிருக்கிறாள். அவர் அந்தப் பாட்டு முழுவதையும் கதவில் காதை வைத்து நின்று கேட்டார்.

நிகழ்ச்சி முடிந்து பொன்னாடையோடு உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தார். அவள் அந்தப் பெரிய பாவாடையோடு எழும்பி நின்றாள். அவர் சொன்னது என் காதில் இன்னும் கேட்கிறது.

“இண்டைக்குத்தான் பிள்ளை நீ பாடியிருக்கிறாய். ஒரு குலுக்கலும் இல்லை, ஒரு கத்தலும் இல்லை.”

வாழ்க்கையில் அவர் அவளைப் பாராட்டிய முதல் தடவை அது. அவள் தலையைக் குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டாள். அவர் கேட்டது, அவள் மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாடிய பாட்டு என்று அவருக்கு அவள் சொல்லவே இல்லை. பத்திரிகையில் “எளிமையின் துணிவு” என்று எழுதினார்கள். பெரிய பாடகிக்கு மறுநாளே காய்ச்சல் விட்டது. அதற்குப் பிறகு சந்திராவுக்கு எளிமையான சின்னப் பாத்திரங்கள் கொடுத்தார்கள். அவளும் எளிமையாகவே பாடினாள். உடுப்பு அறைக்குப் போவதை விட்டுவிட்டாள். கூப்பிட்டால், “அப்பாவுக்கு இதுதானே பிடிச்சிருக்கு” என்பாள். இந்த வருடம் தையில் நோய் வந்தது. கார்த்திகையில் போய்விட்டாள்.

அடுத்த முறை நேரத்துக்குப் போவோம் என்று அன்று எல்லாரும் சொன்னோம். அடுத்த முறை என்று ஒன்று இருக்கவில்லையே!

இதையெல்லாம் பெற்றவர்களுக்கு முன்னால் ஏன் சொல்லுகிறாய் என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணைக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் வைத்தபோது அவளுக்கு அந்தப் பொன்னாடையைப் போர்த்தியதாகவும், அந்த ஒரு பாட்டைத் தான் கேட்டுவிட்ட ஆறுதல் போதும் என்றும் அண்ணை சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? இரவெல்லாம் யோசித்தேன். ஆனால் மறுநாள் அண்ணையே ரெலிபோன் எடுத்து, “சபையிலயும் சொல்லும். அவள் என்ன வைச்சிருந்தவள் எண்டு சனம் அறியட்டும்” என்றார். அதனால்தான் சொல்லுகிறேன்.

எனவே, இந்தச் சபைக்கு முன்னால் சில உறுதிகள். பின்வரிசையில் இருக்கும் எங்கள் அரங்கத்துப் பியானோக் கலைஞரும் நானும் சேர்ந்து, என் நினைவில் இருக்கும் அவளுடைய அலங்காரங்களைச் சுரம் சுரமாக எழுதப் போகிறோம். இறுகிப் போகும் என்று அவள் என்னோடு சண்டை பிடிக்கட்டும். குரலில் அந்த உயரம் உள்ள எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும், தமிழ்ப் பிள்ளையோ டொச்சுப் பிள்ளையோ, கொடுப்போம். சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். நம்முடைய பிள்ளைகள் எங்கே பாடினாலும், எங்கே ஆடினாலும், நமக்கு விளங்கினாலும் விளங்காவிட்டாலும், கதவு சாத்த முதல் போய் இருப்போம். மாலை இல்லாவிட்டால் பரவாயில்லை. பொன்னாடை இல்லாவிட்டால் பரவாயில்லை. கதிரையில் ஆள் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை, உண்மையை அண்ணைக்குச் சொல்லி முடித்தேன். புஸ்பவதி அக்கா வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு அண்ணை மெல்லக் கேட்டார்.

“அப்ப மற்றது எப்பிடி இருந்தது? நீர் பாடிக் காட்டுவீரோ?”

எனக்கு ஏலாது அண்ணை, நான் அல்டோ, அந்த உயரம் எனக்கு வராது என்றேன்.

“கீழ பாடும். மேல நான் நினைச்சுக்கொள்ளுறன்.”

அன்று நான் பாடவில்லை. இன்று பாடப் போகிறேன். நல்லாக இருக்காது. அவள் பறந்த இடத்தில் நான் நடக்கத்தான் செய்வேன். நீங்களும் அண்ணையைப் போல மேலே நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். சொல்ல வாய் வரவில்லை. கதவில் காதை வைத்தாவது அவள் குரலைக் கேட்ட அண்ணையால் நினைத்துக்கொள்ள முடியும். கேட்காதவர்கள் எதை வைத்து நினைப்பது?

நித்தியானந்தன் அண்ணை, தொடங்கிறன்.