ஹீட்டருக்குள் இருந்த காற்று

பட்டில் காரின் கூலன்ற் தண்ணீர் பட்டால் முழுதாகப் போகாது. சலவைக் கடைக்காரர் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "இனி இதோடயே வாழப் பழகுங்கோ" என்று மாப்பிள்ளை வேட்டியைத் திருப்பித் தந்தார். கரைக்குச் சற்று மேலே பச்சையாக ஒரு திட்டு. அந்தக் கறை என் கைவேலை. கொதித்துக்கொண்டிருந்த ரேடியேற்றரின் மூடியை, ஆறும் வரை பொறுக்காமல், கொழும்பு கொள்ளுப்பிட்டியில் காலி வீதி ஓரத்தில் வைத்துத் திறந்தவன் நான். மாப்பிள்ளை பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்லகாலம், அவருக்குச் சூடு படவில்லை. துள்ளிப் பாய்ந்ததில் தலைப்பாகை மட்டும் விழுந்தது.

அது தவறுதலாக நடந்தது. அதற்கு யாரிடம் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்பேன். மற்றவை தவறுதலாக நடக்கவில்லை. அவற்றை ஆறுதலாகச் சொல்கிறேன்.

என் பெயர் லோகேஸ்வரன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வாகன விபத்து மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கலியாணம் கட்டவில்லை. வெள்ளவத்தையில் தங்கை யோகேஸ்வரியோடும் அவளுடைய ஒரே மகள் சுபோதினியோடும் இருக்கிறேன். சுபோதினி கைக்குழந்தையாக இருந்தபோது தகப்பன் தவறிவிட்டார். "அதுகளுக்கு ஒரு ஆம்பிளைத் துணை வேணும்" என்று சொல்லிக்கொண்டு நான் பெட்டியோடு வந்து இறங்கினேன். தோசை சுடவோ சட்டைக்குப் பொத்தான் தைக்கவோ தெரியாத ஆம்பிளை. யாருக்கு யார் துணை என்று அந்த இருவரும் இதுவரை கேட்டதில்லை. நல்ல மனிதர்கள்.

எனக்கென்று இருப்பது ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிறிஜ் கார். இங்கிலாந்துக் குளிருக்கென்று செய்தது என்பதால் அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. கொழும்பில் காருக்குள் ஹீட்டர் போடுகிறவன் ஒன்றில் விசரனாக இருக்கவேண்டும், அல்லது தடிமனுக்கு ஆவி பிடிக்கிறவனாக இருக்கவேண்டும். ஆகவே எஞ்சினில் இருந்து ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் சின்னக் குழாயை யாரோ எப்போதோ பூட்டிவிட்டார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்துபோனார்கள், என்னைத் தவிர.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள் காற்று அகப்படக்கூடாது. அகப்பட்டால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றாது, சூட்டு முள் ஏறும், கார் கொதிக்கும். அந்தக் காற்றை எடுப்பது பொறுமையான வேலை. காரின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் குழாயையும் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, இறப்பர்க் குழாய்களைக் கையால் பிசைந்துகொண்டே இருக்கவேண்டும். குமிழி குமிழியாக மேலே வந்து போகும். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுவது மாதிரித்தான். காருக்கும் தட்டியிருக்கிறேன், சுபோதினிக்கும் தட்டியிருக்கிறேன்.

எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கவும் தெரியும். ஹீட்டரில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டுக் குழாயைப் பூட்டி, ரேடியேற்றரை விளிம்பு வரை நிரப்பினால், யார் திறந்து பார்த்தாலும் குறை தெரியாது. காற்று ஹீட்டருக்குள் பத்திரமாக இருக்கும். புறப்படும் முன் "ஒருக்காத் தண்ணி பாத்திட்டு வாறன்" என்று பொனற்றைத் தூக்கி, அந்தக் குழாயைத் திருகித் திறந்துவிட்டால் போதும், காற்று எஞ்சின் பக்கம் போய்விடும். நெரிசலுக்குள் போய் நிற்கும்போது மற்றதைக் காரே பார்த்துக்கொள்ளும். "லோகேஸ் அண்ணை மாதிரிக் கவனமா ஓடுற ஆள் கொழும்பில இல்லை" என்று சனம் சொல்லுவதெல்லாம் நான் பொனற்றைத் தூக்கி நிற்கும்போதுதான்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். சுபோதினியின் நன்மைக்காகச் செய்தேன்.

முதலாவதாக வந்தது ஒரு கனடாச் சம்பந்தம். பையனின் தாய் தகப்பனைக் கொட்டாஞ்சேனையில் இருந்து பெண் பார்க்க நான்தான் ஏற்றி வந்தேன். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் கார் நின்றது. தாயார் மல்லிகைச் சரத்தோடு புகைக்குள் இறங்கி, சகுனம் சரியில்லை என்று அந்த வழியாலேயே திரும்பிவிட்டார். எனக்குக் கவலை இல்லை. பையன் போனில் கதைக்கும்போது சுவிங்கம் சப்பினவன். நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது சந்திரகுமார், நோர்வே. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலில் இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. தங்கை முன்சீற்றில். சுபோதினி நீலச் சேலை உடுத்துப் பூ வைத்துக்கொண்டு பின்சீற்றில். புறக்கோட்டையில் கைவண்டிகளுக்கு நடுவில் கார் கொதித்தது. "ஓட்டோ ஒண்டைப் பிடிப்பம் அண்ணா" என்று தங்கை துடித்தாள். "இந்தா, இப்ப வெளிக்கிடும்" என்று அவளை அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்தேன். நாங்கள் போய்ச் சேர இராகு காலம் பிறந்து, அவர்கள் எழும்பிப் போயிருந்தார்கள். தடங்கல் என்று அந்தச் சம்பந்தத்தையும் விட்டுவிட்டார்கள்.

"குறை நினைக்காதை பிள்ளை" என்றேன்.

"பரவாயில்லை மாமா" என்றாள்.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கும் நிம்மதிதான் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீனி போட மறந்துவிட்டாள். நான் சொல்லிக் காட்டவில்லை. நான் அப்படிப்பட்டவன்.

நோர்வே எப்படிப்பட்ட குளிர் தேசம் என்று யோசியுங்கள். இந்தப் பிள்ளைக்கு ஃபானைக் கொஞ்சம் கூட்டினாலே தும்மல் வரும்.

வந்த எல்லோரையும் நான் தடுத்தேன் என்று நினைக்கவேண்டாம். களுபோவிலவில் இருந்து ஒரு டொக்டர் மாப்பிள்ளை வந்தபோது, முதல் நாளே இருந்து காற்றை முழுதாக எடுத்தேன். கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துபோகக்கூடிய தூரத்தில் அவர் இருந்தது தற்செயல். வேண்டாம் என்றது அவர்கள்தான்.

இதற்குள் தங்கை சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் ஓடினாள். வாகன ஸ்தானமாகிய நாலாம் வீட்டில் சனி இருக்கிறார், அதுதான் வழியில் மறிக்கிறார் என்று அவர் கண்டுபிடித்தார். பெரிய கெட்டிக்காரர், வாகனம் வரைக்கும் வந்துவிட்டார். பரிகாரமாகச் சுபோதினி சனிக்கிழமைகளில் விரதம் இருந்து எள்ளெண்ணெய் விளக்கேற்ற வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ஏற்றினாள். வேலைக்குப் போகிற பிள்ளை, வெறும் வயிற்றோடு கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போவேன். அந்தப் பயணங்களில் கார் ஒரு நாளும் கொதித்ததில்லை. அதில் நான் மிகவும் கவனம்.

அக்கம்பக்கத்தில் 'தோசமுள்ள பிள்ளை' என்று கதை பரவியது. வருகிற சம்பந்தங்கள் குறைந்தன. பிறகு நான் குழாயில் கை வைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவளுக்கு முப்பத்திமூன்று வயதாகியது. இடைக்கிடை அவளிடம் கேட்பேன். "அந்தப் பழைய சம்பந்தங்கள் ஒண்டும் உனக்குச் சரிவந்திராது, என்ன பிள்ளை?" அவள், "பாலைச் சூடாக்கட்டோ மாமா?" என்பாள். வேறொரு நாள், "ஃபானைக் குறைக்கட்டோ?" என்பாள். நான் அதை ஓம் என்று எழுதிக்கொள்வேன்.

தேனுஜன் விசயத்தில் என் காருக்கு வேலை வைக்கவில்லை. குடும்பம் கொட்டாஞ்சேனை, பையன் ரொறன்ரோ. இரண்டு பேரும் போனிலேயே கதைத்து முடிவெடுத்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். பேரப்பிள்ளை பிறந்தால் தங்கையும் போய்விடுவாளாம். "நான் என்ன செய்யிறது?" என்று பகிடியாகக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ அண்ணா?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையை அழைத்து வர மாமாவின் கார்தான் போகவேண்டும் என்று கேட்டவள் சுபோதினி. நான் கேட்கவில்லை.

கலியாணத்தை நிற்பாட்ட நான் நினைக்கவில்லை. முகூர்த்தம் தவறினால் அடுத்த நல்ல நாளுக்கு ஆடி கழியவேண்டும், அதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும், அவ்வளவுதான். கொஞ்சம் பிந்துவதால் யாரும் சாவதில்லை. முகூர்த்தத்துக்கு முன் மரீன் டிரைவ் கடற்கரையில் மாப்பிள்ளையை வைத்துப் படம் எடுக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருப்பதாகச் சுபோதினி சொல்லியிருந்தாள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன்.

தட்டங்களோடு மற்றவர்கள் வான் வண்டியில் முன்னே போக, கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நான் பொனற்றைத் தூக்கித் தண்ணீர் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாயார் என் கவனத்தைப் புகழ்ந்தார். கொள்ளுப்பிட்டி நெரிசலில் முள் ஏறி, கார் நின்றது. பிறகுதான் நான் மூடியைத் திறந்ததும் வேட்டி நனைந்ததும்.

ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "அய்யே, மனமாலயாவ மம அறங் யன்னத?" என்று கேட்டார். மாப்பிள்ளையைத் தான் கொண்டுபோய் விடட்டுமா என்கிறார். பாதி வழியில் வாகனம் மாறக்கூடாது, அது எங்கள் ஆட்களின் வழக்கம் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். அந்த வழக்கத்தை அப்போதுதான் அந்த இடத்தில் நின்று உண்டாக்கினேன். கொட்டாஞ்சேனையில் இரண்டு குடும்பங்கள் இப்போது அதைக் கடைப்பிடிப்பதாகக் கேள்வி.

தேனுஜன் தலைப்பாகையைத் தட்டி சீற்றில் வைத்தார். "மாமா, ஹீட்டரைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"இந்த வெயிலுக்கையோ தம்பி?"

"எங்கட பக்கம் ஹீட்டர் குளிராய் அடிச்சா உள்ளுக்கை எயார் நிக்குது எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மைனஸ் இருபதில நாங்கள் வேற என்னத்தைப் பாக்கிறது?"

எஞ்சினை ஒருக்கால் ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக் கையை நீட்டினார். கொதிக்கிற காருக்குள் இருந்து சூடே இல்லாத காற்று வந்தது. அதைவிடத் தெளிவான சாட்சியத்தை என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை.

ஓட்டோக்காரரும் கைகொடுக்க, கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குள் காரைப் பின்னால் தள்ளி, மூக்கு காலி வீதியைப் பார்க்க நிறுத்தினோம். கறைபட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை குழாயைப் பிசைந்தார். நான் போத்தலால் தண்ணீர் விட்டேன். என்னால் முடிந்த அளவு மெதுவாக விட்டேன். குமிழிகள் வரத் தொடங்கின.

"படக்காரர் பாவம், கடற்கரையில காஞ்சுகொண்டு நிப்பினம்" என்றேன்.

"படக்காரர் ஒருத்தரும் இல்லை மாமா. அது படம் எடுக்க வைச்ச நேரம் இல்லை. கார் கொதிக்க வைச்ச நேரம்." தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "மாமாவின்ர கார் எங்கயாவது கட்டாயம் நிக்கும், அவரோட கோவிக்காதேங்கோ எண்டு சுபோ சொன்னவ."

"வேற என்ன சொன்னவ?"

"இந்தா, இன்னொரு குமிழி வருது" என்றார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டியாயிற்று. மத்தியானம் எல்லோரும் பந்தியில் இருக்க, நான் மண்டபத்துக்குப் பின்னால் காருக்குள் போய் இருந்தேன். சுபோதினி கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து முன்சீற்றில் ஏறினாள். சாப்பிட வரச் சொல்லிக் கேட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"புறக்கோட்டையில நிண்டமே, அண்டைக்கு. வெளிக்கிட முன்னம் நீங்கள் குழாயைத் திருகினதை மேல்மாடியில நிண்டு பாத்தனான். கார் நிக்கேக்கதான் விளங்கினது."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அம்மா உங்களை வீட்டில வைச்சிருக்க மாட்டா. நீங்கள் எங்க போவியள்?"

நான் நியாயமான மனிதன். ஒரு விபத்தில் உண்மையாக நடந்த சேதம் எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். என் கணக்கில் சேதம் என்று எதுவும் இல்லை. பிள்ளைக்குக் கலியாணம் நடந்துவிட்டது. முந்தி வந்தவர்களை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆகவே அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தேன்.

"அண்டைக்கு நீயே பரவாயில்லை எண்டு சொன்னனிதானே. அந்த நோர்வேக்காரரை உனக்கும் பிடிக்கேல்லை, என்ன பிள்ளை?"

வழக்கம்போல் பாலையோ ஃபானையோ சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மருதாணி இன்னும் மணந்தது.

"தேனுஜன் நல்லவர். அவரை நான் விரும்பித்தான் கட்டினனான்" என்றாள். "ஆனா நீங்கள் கேக்கிறபடியால் சொல்லுறன். கோயிலில சந்திக்க இருந்ததுக்கு முதலே சந்திரகுமாரோட நான் மூண்டு மாசம் போனில கதைச்சனான். எனக்கு அவரை நல்லாப் பிடிச்சிருந்தது, மாமா."